தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு

காலையில் ஒருவர் கைது செய்யப்படுகிறார். மறுநாள் நாளிதழில் அவர் 'குற்றவாளி' ஆகிவிடுகிறார். இடையில் நீதிமன்றம் கூடவில்லை. ஒரு சாட்சியும் விசாரிக்கப்படவில்லை. ஆயினும் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் நாம், அச்சொல்லையே ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கிறோம்.

இதனை வெறும் சொற்பிழை என்று கடந்துவிட இயலாது. சட்டம் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது காரணமின்றியன்று. முதல் தகவல் அறிக்கை என்பது, குற்றம் நடந்ததாகக் காவல் நிலையத்திற்கு எட்டிய செய்தியின் பதிவு. குற்றப்பத்திரிகை என்பது, புலனாய்வில் தான் கண்டதாகக் காவல்துறை கூறுவது. அதுவும் ஒரு தரப்பின் கூற்றே. விசாரணை நடக்கும் நாளெல்லாம் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை, பொதுவாக, அரசுத் தரப்பைச் சார்ந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கி, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பெயர் மாறியது, பிரிவு எண்கள் மாறின, இவ்வடிப்படை மாறவில்லை.

"போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று அச்சிடுகிறார்களே, அதைப் படித்ததும் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஆனால் காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே 25ஆம் பிரிவில் விதித்தது. புதிய சட்டத்தில் அது 23ஆம் பிரிவு. அவ்வாக்குமூலத்தால் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், அதற்குரிய பகுதி மட்டுமே விலக்கு. லாக்கப்பில் வாக்குமூலம் எவ்வாறு பிறக்கும் என்பதை அந்நிய ஆட்சியாளனும் அறிந்திருந்தான். நாம் அறியாதவர்கள் போல் நடந்துகொள்கிறோம்.

அருள்தந்தை ஸ்டான் சுவாமி காரியத்தில் நாம் இவ்வாறு இருக்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த அந்த இயேசு சபைத் துறவி, 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. ஜாமீன் மேல்முறையீடு நிலுவையில் இருக்கையிலேயே, 2021 சூலை 5 அன்று, 84 வயதில், மும்பை மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு விசாரணை கண்டு மெய்ப்பிக்கப்படவே இல்லை. "அவரைக் குற்றவாளி என்னாதீர், குற்றம் சாட்டப்பட்டவர் என்பீர்" என்று அன்று நாம் உரக்கக் கூறினோம். கூறியது நீதியே.

அதே சொல்லை, மிதிவண்டி திருடியதாகப் பிடிபட்ட சேரி இளைஞனுக்கு நாம் ஏன் வழங்குவதில்லை? அவனுக்கு ஜாமீன் கிடைத்தால் "தப்பிவிட்டான்" என்கிறோம். ஜாமீன் என்பது விடுதலையன்று. விசாரணைக்கு வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே இருத்தல். வழக்கு மெய்ப்பிக்கப்படாமல் அவன் விடுவிக்கப்பட்டாலோ, "பணம் கொடுத்திருப்பான்" என்கிறோம். பணம் இருந்தால் அவன் ஏன் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தான்?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நூறு பேரில் ஏறத்தாழ 76 பேர்மீது தீர்ப்பு வரவில்லை. ஜாமீன் ஆணை பெற்றும், பிணை நிற்க ஆளின்றி உள்ளேயே இருப்போரும் உண்டு. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 சனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பணித்தது. வீட்டு வரி ரசீதும் நிலப் பட்டாவும் உடையோர் நம் பங்குகளில் பலர். அவர்களுள் எத்தனை பேர், முன்பின் அறியாத ஓர் ஏழைக்காக நீதிமன்றத்தில் பிணைக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள்?