மங்கலான படமும் மதிப்புடையதே

ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் சற்றுச் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியை இன்று எழுத விழைகிறேன்.

எங்கள் பள்ளியின் பொருளறையில் ஆறு அங்குல ஆடி பொருத்திய பழைய தொலைநோக்கி ஒன்று பல ஆண்டுகளாகத் தூசு படிந்து கிடந்தது. நம் நாட்டு ஈரக் காற்றில் ஆடியின்மேல் பூஞ்சணம் பூத்திருந்தது. எறிந்துவிடலாம் என்றனர் சிலர். மாணவர் சிலரோடு சேர்ந்து அதனை வடிநீரில் மெல்லக் கழுவி, ஆடிகளை நேர்படுத்தி, யாரோ பயன்படுத்திக் கைவிட்ட ஒளிப்படக் கருவி ஒன்றை அதில் பொருத்தினோம்.

ஏப்ரல் மாதத்து இரவொன்றில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் கூடினோம். கன்னி விண்மீன் குழுவின் ஓரத்தில் உள்ள 'எம் 104' என்னும் பேரடையே எங்கள் இலக்கு. அதன் தொலைவு ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு. அவ்வொளி புறப்பட்டபோது இப்புவியில் மனித இனமே தோன்றவில்லை.

பணி எளிதாக இல்லை. புவி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. தொலைநோக்கியும் அவற்றோடு நகர வேண்டும். அதற்கான அச்சைத் துருவ விண்மீனை நோக்கி அமைப்பது வழக்கம். நம் நாட்டிலோ அது தொடுவானத்தை ஒட்டியே நிற்பதால் மரங்கள் மறைத்துவிடுகின்றன. திசைகாட்டியைக் கொண்டும், சோதனைப் படங்களை எடுத்து எடுத்துத் திருத்தியுமே அச்சைச் சரிசெய்தோம். முகில் இரண்டு முறை மூடியது. இறுதியில், ஒவ்வொன்றும் 20 நொடி வீதம் 100 படங்கள் எடுத்தோம். அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால், படத்திலுள்ள புள்ளி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

கிடைத்தது என்ன? நகத்தளவே ஆன சாம்பல் நிறக் கீற்று. அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடு. அக்கோடு, அப்பேரடையைச் சுற்றியுள்ள தூசுப் பட்டை. அதைக் கண்ட மாணவி ஒருத்தி நெடுநேரம் பேசவே இல்லை.

சிக்கல் பள்ளிக் கண்காட்சியின்போது எழுந்தது. "ஐயா, படம் மங்கலாக இருக்கிறதே, இணையத்தில் ஹபிள் எடுத்த வண்ணப் படம் இருக்கிறது, அதையே ஒட்டிவிடலாமே? பரிசும் கிடைக்கும்" என்றார் ஒரு தந்தை. அவர் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ஆயினும் நான் உடன்படவில்லை.

ஹபிள் படங்களை வகுப்பில் காட்ட வேண்டியதுதான். ஆனால் ஹபிளின் பெயரோடு காட்ட வேண்டும். பிறர் உழைப்பைத் தம் உழைப்பாகக் காட்டலாம் என்று பத்து வயதில் கற்பித்துவிட்டால், எந்த அறிவியல் பாடமும் பின்னர் அதனைத் திருத்தாது. 1888ஆம் ஆண்டு ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஆந்திரமேடாப் படமும் இன்றைய கண்ணுக்கு மங்கலே. ஆயினும், கண்ணால் காண இயலாத சுருள் அமைப்பை அப்படமே உலகிற்குக் காட்டியது. 2023ஆம் ஆண்டு மே மாதம் 'எம் 101' பேரடையில் வெடித்த விண்மீனை முதலில் கண்டறிந்தவர் சப்பானிய அமெச்சூர் வானியலாளர் கொயிச்சி இத்தகாக்கி. தம் கருவியால் தாமே பார்த்ததை உள்ளபடி பதிவுசெய்பவருக்கே அத்தகைய வாய்ப்பு வாய்க்கும்.

"இதனால் எத்தனைப் புள்ளி கிடைக்கும்?" என்று கேட்போரும் உளர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டே அகற்றப்பட்டது. புள்ளிக் கணக்கு மட்டும் நம் உள்ளத்தைவிட்டு இன்னும் அகலவில்லை! காத்திருத்தல், தவற்றைத் திருத்துதல், கண்டதைக் கண்டபடி கூறுதல் ஆகியவற்றுக்கு எந்தத் தாளில் புள்ளியிடுவது?

மங்கலான படத்தையே வைத்தோம். எடுத்த நாள், நேரம், படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாணவர்களே தமிழில் எழுதி ஒட்டினர். பரிசு கிடைக்கவில்லை. அந்தத் தந்தை மறுவாரம் திடலுக்கு வந்து, தாமே தொலைநோக்கியைத் தூக்கி வைத்தார்.

உங்கள் பள்ளிப் பொருளறையிலும் ஒரு தொலைநோக்கி உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனை எழுப்புங்கள். புதியது வாங்கப் பணம் சேரும்வரை காத்திருந்தால், நம் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.