ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

“அண்ணே, இந்தச் சைக்கிளை வித்துத் தொலைச்சிடலாமா?”

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் சென்ற மாதம் என் தங்கை வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னாலேயே முழங்காலில் ஆறு தையலோடு நொண்டிக்கொண்டு அவள் மகன் வந்தான். ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கூட்டாளிகளோடு மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவான். அன்று மேட்டில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். சங்கிலி பல்லைப் பிடிக்காமல் வழுக்கியது. கால் பெடலை விட்டு நழுவியது. ஆள் கல்லின்மேல் விழுந்தான்.

அம்மாவுக்குச் சைக்கிளே வேண்டாம். மகனுக்கோ சைக்கிளில் பாதியைப் புதிதாக்க வேண்டும். “மாமா, பன்னிரண்டு கியர் செட்டு தொள்ளாயிரம் வெள்ளிதான் மாமா. அதை மாட்டிட்டா எந்த மேடும் ஏறலாம்” என்றான். தொள்ளாயிரம் வெள்ளி என்பது அவன் அம்மா தொழிற்சாலையில் எத்தனை இரவு கண்விழித்துச் சம்பாதிப்பது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வயது அப்படி.

தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான சீனர். பையன் சொன்ன செட்டின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டாரே தவிர, அவர் கை தேடியது பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓர் அடிக்கோலை!

அவர் செய்து காட்டியதை வாசகர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். சைக்கிள் சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி சரியாக அரை அங்குலம். ஆகவே ஓர் ஊசியின் நடுவில் அடிக்கோலின் பூஜ்யத்தை வைத்தால், புதுச் சங்கிலியில் 12-ஆம் அங்குலக் கோடு இன்னோர் ஊசியின் நடுவில் வந்து நிற்க வேண்டும். அந்த ஊசி கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் போயிருந்தால் பின்னால் உள்ள பல்சக்கரங்களும் கெட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பையனின் சங்கிலி 1/8 அங்குலத்தையும் தாண்டியிருந்தது.

சங்கிலி நீண்டுவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஊசியும் அதைச் சுற்றியுள்ள வளையமும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. செம்மண்ணும் மழைநீரும் எண்ணெயோடு கலந்தால் அது அரப்பொடிதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே இரும்பு தேய்கிறது. இடைவெளி கூடிய சங்கிலி பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறி, பல்லையும் தேய்த்துவிடுகிறது. பல் தேய்ந்த பிறகு சங்கிலியை மட்டும் மாற்றினால் புதுச் சங்கிலியும் மேட்டில் வழுக்கும். எனவே உரிய காலத்தில் சங்கிலியை மாற்றுகிறவனுக்குச் சங்கிலிச் செலவு மட்டும். தள்ளிப்போடுகிறவனுக்கு இரண்டு செலவு.

அடுத்தது, கெட்டுப்போகாத ஒன்றைக் கெட்டதாக நினைத்து மாற்றிவிடக் கூடாது. கியர் தானாகத் தாவுகிறதா? சைக்கிளின் பின்னால் குனிந்து பாருங்கள். கியர் மாற்றியில் உள்ள இரண்டு சிறு உருளைகளும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே, ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், பெரும்பாலும் அது தொங்கும் சிறு உலோகத் துண்டு வளைந்திருக்கும். ஒருமுறை வலப்பக்கம் விழுந்தாலே வளையக்கூடியது அது. அதை நிமிர்த்தாமல் எத்தனை வெள்ளிக்கு எதை மாட்டினாலும் தாவல் நிற்காது.

சரி, மேடு ஏற எந்தக் கியர் வேண்டும்? இதற்கும் கணக்குத்தான். முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். ஒரு மிதிக்கு வண்டி எத்தனை மீட்டர் போகும் என்று தெரிந்துவிடும். மீட்டர் குறைந்தால் மேடு எளிது.

பையனின் சக்கரம் 27.5 அங்குலம், சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். முன்னால் மிகச் சிறியது 24 பல், பின்னால் மிகப் பெரியது 28 பல். ஒரு மிதிக்கு 1.9 மீட்டர். அவன் ஆசைப்பட்ட செட்டில் முன்னால் 32, பின்னால் 51. ஒரு மிதிக்கு 1.4 மீட்டர். ஆக, பையனின் ஆசையில் நியாயம் இருக்கிறது. முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்துப் பின்னால் பெரிதாக்கும் முறை 2012-ல் ஸ்ராம் நிறுவனம் 11 கியரோடு கொண்டுவந்தது. 2016-ல் அது 12 ஆனது. முன் கியர் மாற்றியே இல்லாததால் தொல்லை குறைவு. நல்ல முறைதான்.

ஆனால் அவன் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பது திருகி மாட்டும் பழைய வகை, ஏழு பல்சக்கரம். 51 பல் கொத்து அதில் உட்காராது. சக்கரத்தின் நடுக்குடத்தையே மாற்ற வேண்டும். கைப்பிடியில் உள்ள மாற்றியும் கூடவே மாற வேண்டும். தொள்ளாயிரம் என்று பையன் சொன்னதில் இந்தச் சக்கரச் செலவு சேரவே இல்லை! வாங்கிக்கொண்டு வந்த பிறகல்லவா தெரிந்திருக்கும்?

கடைக்காரர் வேறொரு வழி காட்டினார். அதே ஏழு பல்சக்கர வகையில் 14 முதல் 34 பல் வரை உள்ளது கிடைக்கிறது. 24-ஐ 34-ஆல் வகுத்துப் பெருக்கினால் 1.55 மீட்டர். இருக்கிற கியர் மாற்றி 34 பல்லைத் தாங்கும் என்று பார்த்து உறுதி செய்தார். சங்கிலியைக் கொஞ்சம் நீளமாக வெட்டினார். எப்படியும் பழைய பல்சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். அதே செலவில் மேடும் எளிதாயிற்று.

கடைசியாகப் பெடல். பழைய பெடல் வழவழப்பான பிளாஸ்டிக். ஈரத்தில் கால் நிற்காது. காலணியைப் பெடலோடு பூட்டும் வகையைச் சிமானோ நிறுவனம் 1990-ல் மலைச் சைக்கிளுக்கென்று கொண்டுவந்தது. (இந்த ஜப்பானிய நிறுவனம் 1973-ல் வெளிநாட்டில் முதன்முதலாகத் தொழிற்சாலை வைத்தது நம் சிங்கப்பூரில்தான்.) பழகியவர்களுக்கு அது அருமையானது. ஆனால் சேற்றில் அடிக்கடி இறங்கி ஏறும் பிள்ளைக்கு, அகலமாக, சிறு முள்ளாணிகள் பதித்த தட்டைப் பெடலே முதலில் ஏற்றது. தட்டையான ரப்பர் அடி உள்ள காலணி போட்டால் நன்றாகப் பிடிக்கும். ஆணி கெண்டைக்காலைக் கீறும். ஆகவே காலுறை நீளமாக இருக்கட்டும்.

பெடல் வாங்கும்போது கையில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலும் அச்சில் ஆடினாலும் வேண்டாம். வலது, இடது என்று குறி பார்த்து மாட்டுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாக ஓடும். இரண்டையுமே வண்டியின் முன்பக்கம் நோக்கித் திருகினால் இறுகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இது தெரியாமல் பலம் காட்டி மரையை அழித்தவர்கள் ஏராளம்.

சங்கிலி, பல்சக்கரம், பெடல், கூலி எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது பணத்துக்கு மட்டுமல்ல, சங்கிலிக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

தையல் பிரித்த பிறகு, கடைக்காரர் சொன்னபடி முதலில் வீட்டுக்கு முன்னால் உள்ள சாலை மேட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கியராக அழுத்தி மிதித்துப் பார்த்தான். ஒன்றிலும் வழுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே மேட்டில் ஏறினான். என் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாளாம். மகன் செம்மண் அப்பிய காலோடு திரும்பி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “சங்கிலியைத் துடைச்சியா?” என்பதுதான்!

உங்கள் வீட்டிலும் மூலையில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். இந்த வாரம் பிள்ளையையும் அடிக்கோலையும் அழைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கடைக்குப் போவதா வேண்டாமா என்பதைச் சங்கிலியே சொல்லிவிடும்.