மூன்று நாள் எரியாத விளக்கு

போன வாரம் சுவாமிமலைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் தம்பி மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பழைய லேப்டாப். பக்கத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நீலநிற ஆர்டுயினோ ஊனோ போர்டு.

"மூணு நாளா முட்டிக்கிறேன் பெரியப்பா. விளக்கு எரிய மாட்டேங்குது. லேப்டாப்பு பழசு, கடையில போட்டுடலாம், அறுவடை முடிஞ்சதும் வேற வாங்கலாம்னு அப்பா சொல்றாங்க."

அது அரசின் விலையில்லா லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அவள் சித்தி பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. பரணிலிருந்து இறக்கி, லினக்ஸ் மின்ட் 21 போட்டிருக்கிறாள். அதையே தனியாகச் செய்தவளுக்கு லேப்டாப் மேல் பழி போட மனசு வரவில்லை. எனக்கும்தான். ஊனோ சிப்பில் நிரல் வைக்க இடம் 32 கேபி, வேலை செய்ய நினைவகம் 2 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது! இதற்கு 2 ஜிபி லேப்டாப் தாராளம். ஆர்டுயினோ மென்பொருளில் புதிய 2-ம் பதிப்பு கனமானது, பழைய 1.8.19 போதும்.

முதலில் கேபிளைப் பார்த்தேன். பவர்பேங்கோடு வந்தது. இந்த ரகத்தில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவல் போகாது. போர்டில் பச்சை விளக்கு எரிவதால் நாமும் ஏமாந்துபோவோம். தகவலும் போகும் வேறு கேபிளை மாட்டினோம்.

போர்ட் பட்டியலில் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்தது. இதுதான் பலரைக் கைவிட வைக்கும் இடம். ஆர்டுயினோ, 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்தது. அதன் வரைபடம் எல்லாருக்கும் பொது. யாரும் செய்து விற்கலாம். விலை குறைந்த போர்டுகளில் யூஎஸ்பி வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப். பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் பிரெயில் கருவி ஒன்றுக்கும் அதே அடையாள எண். மின்ட் 21-ல் கூடவே வரும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற பிரெயில் மென்பொருள், நம் போர்டைத் தன் கருவி என்று நினைத்து வளைத்துப்போட்டுவிடுகிறது. நல்ல எண்ணம்தான், ஆள் மாறிவிட்டது. வீட்டில் பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தாவிட்டால், சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி அதை நீக்கிவிடலாம்.

போர்ட் நிலையாக வந்தது. அப்லோட் கொடுத்தால் 'அனுமதி இல்லை' என்றது. லினக்ஸில் சீரியல் போர்டைத் தொட 'டயல்அவுட்' என்ற குழுவில் நம் பெயர் இருக்க வேண்டும். டெலிபோன் மோடம் காலத்துப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' திறந்து அந்தக் குழுவை டிக் செய்தாள். உடனே வேலை செய்யாது. லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

'பிளிங்க்' என்ற மாதிரி நிரலை ஏற்றினாள். விளக்கு ஒரு நொடி எரிந்து, ஒரு நொடி அணைந்தது. நிரலில் இருந்த 1000-ஐ 200 ஆக்கினாள். படபடவென்று சிமிட்டியது. வாசலில் நின்ற தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

அவளுக்கு வேண்டியது வேறு. வயலில் ஓட்டை போட்ட பிவிசி குழாயைப் புதைத்து, தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சுவது காய்ச்சலும் பாய்ச்சலும் முறை. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. குழாயை எட்டிப் பார்க்கத் தம்பி தினமும் வரப்பில் நடக்கிறான். குழாய்க்குள் மிதவை சுவிட்ச் தொங்கவிட்டு, தண்ணீர் இறங்கியதும் மோட்டார் ஷெட்டில் பஸ்ஸர் கத்த வேண்டுமாம். பஸ்ஸர் வரைக்கும் சரி, மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அது மூன்று ஃபேஸ் கரன்ட், எலக்ட்ரீஷியன் வேலை.

லேப்டாப் இப்போது மேஜை மேல் இருக்கிறது. மிதவை இடிக்காமல் ஏறி இறங்க 4 அங்குலக் குழாயா, 6 அங்குலமா என்றுதான் அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.