உத்திரம் தாங்கும்... ஒயர் தாங்குமா?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம், கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவர் வீட்டுக் கதவை இரவில் சாத்தும் சத்தம் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் வரை கேட்டது என்று ஒரு கதை உண்டு. அவ்வளவு கனமான கதவாம்! அது கதை. ஆனால் தேக்கு நிலை, மரத்தூண், உத்திரம் என்று நிற்கும் பழைய ஓட்டு வீடுகள் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இன்னமும் இருக்கின்றன. 'ஒரு பொறி பட்டால் மொத்தமும் போச்சு' என்ற பயமும் கூடவே இருக்கிறது.

அந்தப் பயம் பாதிதான் சரி. தடித்த தேக்கு உத்திரம் தீப்பெட்டிக் குச்சி மாதிரி எரியாது. மேல்பகுதி கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடும். நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் தீ உள்ளே போகும். இரும்பு உத்திரமோ 550 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும்.

சட்டென்று பிடிப்பது ஓட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய ரீப்பர், பரணில் திணித்த பழைய துணி, அட்டைப்பெட்டி, தேங்காய் மட்டை. தறி இருக்கும் வீட்டில் ஜக்கார்டு அட்டைகளும் மேலே தொங்கும். பட்டு நூல்மேல் சந்தேகம் வேண்டாம். தலைமுடி போலப் பொசுங்கி, பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பயப்பட வேண்டியது பருத்திக்கும் பாலியஸ்டருக்கும்தான்.

சரி, பொறி எங்கிருந்து வருகிறது? விளக்கு, அடுப்பு ஒரு பக்கம். இன்னொன்று ஒயர். மரச்சட்டத்தில் ஆணியடித்து இழுத்த ரப்பர் உறை ஒயர், நாலு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டது. ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அதே ஒயரில் இன்று ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இ-ஸ்கூட்டர் சார்ஜர். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிற பழக்கம் வேறு! ஃப்யூஸ் எரிந்து நம்மைக் காப்பாற்றுகிறது. அதைத் தடுத்தால் எரியப்போவது சுவருக்குள் இருக்கும் ஒயர்.

2004-ஐ மறக்க முடியாது. ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில், வீடியோ விளக்குக்கான மின் இணைப்பில் கிளம்பிய தீ மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தலைப் பற்றியது. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இறங்குவதற்கு இருந்தது குறுகலான படி. அதே வருடம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். சமையல் கூடத்துத் தீ, ஓலைக் கூரை. இரண்டிலும் ஓலை வேகமாகப் பரப்பியது, வெளியேற வழி இல்லாதது உயிரைக் குடித்தது.

வீடுகளிலும் அதே கணக்குதான். தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. பழைய வீட்டின் திறந்த முற்றம் புகை வெளியேற நல்ல வழி. இப்போது மழைக்கும் குரங்குக்கும் பயந்து அதை ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிடுகிறோம். புகை கூடத்திலேயே தேங்கும், ஷீட் உருகிச் சொட்டவும் செய்யும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கம்பி வலை போடுங்கள், இல்லையென்றால் ஷீட்டைச் சுவரிலிருந்து ஓரடி உயர்த்திச் சுற்றிலும் இடைவெளி விடுங்கள்.

வரிசை வீடுகளில் ஒரு கவலை கூடுதல். சுவர் ஓட்டைத் தொடாமல் நிற்கும் இடத்தில் தீ பக்கத்து வீட்டுக்குத் தாவும். இமாச்சலத்தின் மலாணா கிராமத்தில் நெருக்கமான மர வீடுகள் 2008 ஜனவரியில் அப்படித்தான் அடுத்தடுத்து எரிந்தன. அங்கே தீயணைப்பு வண்டி போகப் பாதை இல்லை. நம் ஊர்ச் சந்துகளில் வண்டியையும் பைக்கையும் நிறுத்தி நாமே பாதையை அடைக்கிறோம்.

இந்த வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாக மாற்றப் பணம் இல்லையென்றால் ஏ.சி.க்கும் கீசருக்கும் மட்டுமாவது தனி லைன் இழுத்து, எம்.சி.பி.யும் கசிவு கண்டறியும் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். கொல்லைக் கதவுச் சாவி பாட்டியின் தலையணைக்கு அடியிலோ மகனின் சட்டைப் பையிலோ இருக்க வேண்டாம், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும். மின்தீ என்றால் தண்ணீரை ஊற்றாமல் முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அதை நெருங்க முடியவில்லையா, எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101-க்கு அழையுங்கள்.