பரங்கிமலைச் சிலுவையில் எழுதியிருப்பது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 3 நெருங்கும்போது முகநூலில் ஒரே படம் வலம்வருகிறது. பரங்கிமலை ஆலயத்துப் பீடத்தின் பின்னே பதிக்கப்பட்டிருக்கும் கற்சிலுவை. கீழே, 'திருத்தூதர் தோமையார் தம் கையால் செதுக்கியது, இதனைத் தழுவியபடியே உயிர்நீத்தார்' என்னும் வாசகம். பகிர்ந்த சூட்டோடு எதிர்த்தரப்பும் வந்துவிடும்: 'போர்த்துகீசியர் செய்த போலி'. இரு தரப்பாரும் கல்லைப் பார்க்கிறார்கள். அதன் விளிம்பில் வளைந்து செல்லும் எழுத்தைப் படிக்க முனைந்தவர் எவருமில்லை. சொந்த வாதத்துக்குத் தேவைப்படாத சான்றை யார்தான் படிக்கிறார்கள்?

1547இல் ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது இச்சிலுவை வெளிப்பட்டது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அது இரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அவ்வாறு நிகழ்ந்தது என்றும் மரபு சொல்கிறது. பக்தியின் களத்தில் நான் நுழையவில்லை. என் வழக்கு எழுத்தைப் பற்றியது. புரியாத அவ்வெழுத்தைப் படித்துச் சொல்லுமாறு 1561இல் பிராமணப் பண்டிதர் ஒருவரைக் கேட்டனர். கன்னியிடம் பிறந்த கடவுள், அவருடைய சீடர் தோமையார், மயிலாப்பூரில் அவர் அடைந்த மரணம் என ஒரு முழு வரலாறே அச்சிறு கல்வெட்டிலிருந்து வெளிவந்தது! கேட்டவர் மனமறிந்து மொழிபெயர்த்தவர்களில் அவர் முதல்வரும் அல்லர், இறுதியானவரும் அல்லர். இயேசு சபையாரான லூசேனா 1600இல் அதனை நூலில் ஏற்றினார், ஐரோப்பா நம்பியது, நாமும் இன்றுவரை அதன் எச்சத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

அவ்வெழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். 1873இல் ஆர்தர் பர்னெல் அதனை அறிவித்தார். நான் ஆய்வு செய்யும் இப்புனே நகருக்கும் இக்கதையில் பங்குண்டு. 1859 முதல் 1866 வரை புனேக் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்த மார்ட்டின் ஹாக், இங்கிருந்த பார்சித் தலைமைக் குரு தஸ்தூர் ஹோஷங் ஜாமாஸ்பின் துணையோடு பஹ்லவிச் சொற்கோவையைப் பதிப்பித்தவர். பர்னெலைத் தொடர்ந்து அவரும் பரங்கிமலைக் கல்வெட்டுக்கு ஒரு வாசிப்பைத் தந்தார். கிறித்தவக் கல்லொன்றைப் படிக்கும் கல்வி, ஜரதுஷ்டிரரின் வழிவந்த குருமாரிடம் கற்றது. மதங்களுக்கிடையே மதில் எழுப்பும் நம் எழுத்தாளர்கள் இதை ஒருபோதும் எழுதமாட்டார்கள்.

வாசிப்புகள் ஒன்றோடொன்று வேறுபடுகின்றன, அதை மறைப்பதற்கில்லை. அவற்றுள் பலராலும் எடுத்தாளப்படும் வின்க்வொர்த்தின் வாசிப்பின்படி அது ஒரு மன்றாட்டு: சகர்புக்த் என்பவரின் மகனாகிய அஃப்ராஸ் என்னும் சிரியர், இதனை வெட்டியவர், ஆண்டவர் மெசியாவின் இரக்கத்தை வேண்டுகிறார். அவ்வளவே. தோமையாரின் பெயர் அங்கில்லை. அவர் வந்தாரா இல்லையா என்ற வினாவுக்கு இக்கல் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

'போலி' என்போர்க்கு ஒரு வினா. பஹ்லவியைப் படிக்க ஐரோப்பாவில் ஒருவரும் இல்லாத காலத்தில் அதனை மயிலாப்பூர்ப் போர்த்துகீசியர் எவ்வாறு செதுக்கினர்? கோட்டயம் வலிய பள்ளியிலும் இதே வாசகம் கொண்ட சிலுவை இருக்கிறதே, அதையும் அவர்களே கொண்டுபோய் வைத்தார்களா? எழுத்தமைதியைக் கொண்டு அறிஞர்கள் இச்சிலுவைகளை ஏறத்தாழ 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் வைக்கின்றனர். வாஸ்கோ ட காமா வந்ததோ 1498இல்.

பகிர்ந்து மகிழும் என் கிறித்தவ உறவுகளிடமும் கேட்கிறேன். 'நீங்கள் வெள்ளைக்காரன் விட்டுச்சென்றவர்கள்' என்னும் ஏச்சுக்குப் பதிலாகத்தானே இக்கதையைக் கேடயமாக ஏந்துகிறீர்கள்? வள்ளுவரையே தோமையாரின் சீடராக்கி நூல் எழுதும் அளவுக்கு நம்மிற் சிலர் சென்றுவிட்டனர். படிக்கத் தெரிந்த ஒருவர் கல்லைக் காட்டிய மாத்திரத்தில் அக்கேடயம் உடையும். உடையும்போது, பொய்யர் என்ற பட்டம் கதையைப் புனைந்தவர்க்கன்று, இன்று நம்பிக்கையோடு மெழுகுதிரி ஏற்றும் பாட்டிக்கும் சேர்த்தே வந்துசேரும்.

'அப்படியானால் அஃப்ராஸ் பாரசீகத் தொடர்புடைய அந்நியன்தானே?' என்று சிலர் முன்கூட்டியே மகிழக்கூடும். அவர்கள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டை ஒருமுறை பார்க்கட்டும். 849இல், சேரன் தாணு இரவியின் ஆட்சியில், வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடை அது. வாசகம் வட்டெழுத்தில், அக்காலத் தமிழோடு ஒட்டிய மொழியில் இருக்கிறது. சாட்சிகளின் கையொப்பங்களோ அரபி, ஹீப்ரு, பஹ்லவி எழுத்துகளில் உள்ளன. அந்தப் பட்டயத்தை வெட்டியவர்கள் அக்கையொப்பக்காரர்களைச் சாட்சிகளாக ஏற்றார்கள்; அந்நியர் என்று விரட்டவில்லை.

அடுத்த ஜூலையில் அப்படத்தைப் பகிர்வோர் பகிருங்கள். கீழே அஃப்ராஸின் பெயரையும் எழுதுங்கள்.