சுத்தியலைத் தேடியவர்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை ஒலி எழுப்பிக் காட்டும் கருவி மெட்டல் டிடெக்டர். அதைக் கொண்டு வயல்களில் பழங்காசு தேடுவது இங்கிலாந்தில் பலருக்குப் பொழுதுபோக்கு. இதனால் வரலாற்றுக்கு நன்மையா, தீமையா? தேடுபவரின் நேர்மையைப் பொறுத்தது என்பதே நமது கருத்து.

1992-ல் சஃபோக் பகுதியின் ஹாக்ஸன் கிராமத்தில், நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்றார் எரிக் லாஸ். கிடைத்ததோ ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும்! சிறிது எடுத்தவுடனே தோண்டுவதை நிறுத்தி, அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மறுநாள் தொல்லியலார் முறைப்படி அகழ்ந்தனர். ஏறக்குறைய 15,000 காசுகள். ஜூலியானா என்ற பெண்ணின் பெயர் பொறித்த பொன்வளையல்! அவற்றை ஓக் மரப்பெட்டியில் எவ்வாறு அடுக்கிப் புதைத்தனர் என்பதும் தெரிந்தது. பரிசாகக் கிடைத்த 17.5 லட்சம் பவுனை லாஸ் விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். அச்சுத்தியலும் பிரிட்டிஷ் மியூசியம் சேர்ந்தது!

2015-ல் ஹெரிஃபோர்ட்ஷயரில் புதையல் கண்ட இருவரோ அதை மறைத்தனர். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. 2019-ல் அவர்கள் சிறை சென்றபோது மீட்கப்பட்டிருந்தவை சுமார் 30 மட்டுமே.

காசு எந்தக் காலத்தது என்பதை அதன் முத்திரை சொல்லும். அதைப் புதைத்தவர்களின் கதையை, அது கிடந்த இடமல்லவா சொல்லும்? இடத்தைக் கலைத்தால் அக்கதை மீண்டும் கிடைக்காது.

நம் நாட்டிலும் புதையல் கண்டவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நாளை நம் வீட்டு அஸ்திவாரக் குழியிலும் ஒரு பானை தென்படலாம். அன்று, தோண்டும் கையை நிறுத்தும் மனம் நமக்கு வேண்டும், தோழியரே!