வேரைப் பார்த்தபின் வெட்டுங்கள்

2022 ஜூன் மாதம் சென்னை கே.கே. நகரில் சாலையோர மரம் ஒன்று காரின்மேல் சாய்ந்து, உள்ளே இருந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களிலும் ‘எதற்கு வம்பு, வெட்டிவிடலாம்’ என்ற குரல் எழுகிறது. அச்சம் நியாயமானதே, தீர்வுதான் பிழை. பரிசோதிக்காமல் எந்த மருத்துவரும் கத்தியை எடுப்பதில்லை. மேலும், டயாலிசிஸ் முடித்து மே மாத வெயிலில் பேருந்துக்காக நிற்பவருக்கு அந்த நிழலை விட்டால் வேறு ஒதுக்கிடம் ஏது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. குல்மொகர், தூங்குமூஞ்சி போன்ற அயல் மரங்கள் மிகுதியாக விழுந்தன. வேம்பும் புங்கமும் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஆயினும் இனம் மட்டுமே காரணமன்று. அடிமரம்வரை சிமெண்டு பூசினால் வேருக்கு நீரும் காற்றும் எட்டா. வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டுகையில் ஒருபக்க வேர்கள் அறுபடுகின்றன. மேலே இலை பசுமையாகவே இருக்கும்; கீழே பிடிமானம் இராது.

அடிமரத்தில் காளான் அல்லது பொந்து, புதிதாக ஏற்பட்ட சாய்வு, வேரடியில் மண்வெடிப்பு, பட்ட கிளை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், மழைக்கு ஒதுங்காதீர்கள். அம்பத்தூரில் வசிப்போர் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணிலும், ஆவடி, பூந்தமல்லியில் வசிப்போர் தத்தம் மாநகராட்சி, நகராட்சி அலுவலகங்களிலும் தெரிவிக்கலாம். பட்ட கிளையைக் கழிக்கவும், அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்டைப் பெயர்த்தெடுக்கவும் முதலில் கேளுங்கள்.